யானோ தேறேன்: காதலிலும் வாசிப்பிலும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக நண்பர்கள் சிலரோடு உட்கார்ந்து சங்கப் பாடல்களையும் காப்பியங்களையும் மெதுவாகப் படித்து வருகிறேன். பேச்சு பாட்டில் தொடங்கும். பாதி நேரம் யாராவது ஒருவருடைய காதலில் போய் நிற்கும். அப்படித் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன், சிலவற்றுக்கு ஒரே மூச்சில். எனக்கு எதில் பிடிப்பு அதிகம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

காதலில் ஏமாறுவதற்கும் பழைய இலக்கியம் படிப்பதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டிலும் நம் முன்னால் இருப்பது கொஞ்சம், நாம் போட்டுக்கொள்வது அதிகம். குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் நாலு அடியிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும். யார் பேசுகிறார், எங்கே நின்று பேசுகிறார், முந்தின நாள் என்ன நடந்தது, எதுவும் முழுதாக இருக்காது. மிச்சத்தை நாம் நிரப்பிக்கொள்கிறோம். நிரப்பாமல் படிக்கவும் முடியாது. சிக்கல் அதற்கு அப்புறம்தான். ஒரு மாதம் கழித்து அந்தப் பாட்டை நினைத்துப் பார்த்தால் அதில் இருந்தது எது, நாம் போட்டது எது என்று பிரிக்கத் தெரிவதில்லை. நாம் போட்டதையே பாட்டு சொன்னதாகச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்.

காதலிலும் கையில் இருப்பது ஒரு பார்வை, இரண்டு சொல்லில் ஒரு பதில், என்றோ ஒருநாள் கொஞ்சம் கூடுதலாகப் பேசிய பேச்சு, அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு முழு மனிதரைக் கட்டி எழுப்பி, பிறகு அந்த மனிதர் வாக்குத் தவறிவிட்டதாகக் கோபப்படுகிறோம்.

தன்னைத்தானே ஏமாற்றுவது எப்படி முடியும்? ஏமாற்றுகிற ஆளுக்கு உண்மை தெரியுமே?

தத்துவம் படித்தவர்கள் இதை ஒரு பெரிய முடிச்சாகச் சொல்வார்கள். குறுந்தொகையின் 21ஆம் பாட்டில் ஓதலாந்தையார் இந்த முடிச்சைச் சத்தமில்லாமல் அவிழ்த்துக் காட்டுகிறார். கார்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் தலைவன். கொன்றை பூத்துவிட்டது, பொன் நகை சூடிய பெண்களின் கூந்தலைப் போலக் காடு முழுக்க மஞ்சள். அதைப் பார்த்துக்கொண்டே அவள் சொல்கிறாள்: 'கானம் காரெனக் கூறினும் யானோ தேறேன் அவர் பொய் வழங்கலரே.' காடே கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார்.

அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பூக்களை எவ்வளவு அழகாக வருணிக்கிறாள் பாருங்கள். பார்த்தது எல்லாம் பார்த்ததுதான். ஆனால் 'அவர் பொய் வழங்கலர்' என்பதை முதலிலேயே மேலே உட்கார வைத்துவிட்டாள். அதற்குக் கீழே எந்தச் சாட்சி வந்து நின்றாலும், சாட்சிதான் தப்பு. உண்மையை ஒளித்து வைக்கத் தேவையே இல்லை, அதற்கு ஒரு படி கீழே இடம் கொடுத்தால் போதும். ஏமாற்றுகிற ஆளும் ஏமாறுகிற ஆளும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடியிருப்பது இப்படித்தான்.

பக்கத்தில் இருக்கும் நண்பர்கள் உண்மையைச் சொல்லிவிடலாமே?

சொல்வதில்லை. அதே குறுந்தொகையில் 66ஆம் பாட்டு தோழி பேசுவது. அதே கொன்றை, அதே பூ. இந்த மரங்களுக்குப் புத்தியில்லை, காலம் தப்பிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நினைத்துப் பூத்துவிட்டன என்கிறாள். 'மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை' என்று தொடங்குகிறது. காலம் தப்பிய மழைக்கு அந்தப் பாட்டில் 'வம்ப மாரி' என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த சொல்.

தோழிக்கு உண்மை தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அழுகிற தலைவி முன்னால் நின்றுகொண்டு மரத்தின் பக்கம் யார் பேசுவது? 'வேலை அதிகமா இருந்திருக்கும்', 'போன்ல சார்ஜ் போயிருக்கும்' என்று நாமும் எத்தனை மரங்களை முட்டாளாக்கியிருக்கிறோம்.

அப்படியானால் 21ஆம் பாட்டில் வரும் பெண் ஏமாளியா?

பாட்டு சொல்வதில்லை. இது முல்லைத் திணைப் பாட்டு. அந்தத் திணையின் உரிப்பொருள், அதாவது அதற்கென்று வகுத்த உணர்வு, இருத்தல்: நம்பிக் காத்திருப்பது. அந்தத் திணையில் அவன் வந்து சேர்வதுதான் வழக்கம். அந்தக் கணக்கில் பார்த்தால் அவள் சொன்னது சரியாகவே முடியலாம். எங்கள் குழுவில் இந்தப் பாட்டுக்காக இரண்டு பேர் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டார்கள். ஒருவருக்கு அவள் கற்பின் உருவம், இன்னொருவருக்கு அவள் அசடு. பாட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இருவருடைய பழைய கதையும் எனக்குத் தெரியும் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

காதலிக்கும்போது எதிராளியின் குறை ஏன் தெரிவதில்லை?

வள்ளுவர் இதற்கு வைத்த உவமைக்கு இணையாக வேறொன்றை நான் படித்ததில்லை. 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல் கொண்கன் பழிகாணேன் கண்ட இடத்து' (1285). மை தீட்டும்போது அந்தக் கோலைக் கண்ணால் பார்க்க முடியாது. கோல் சின்னதும் இல்லை, கண்ணில் கோளாறும் இல்லை. அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது, அதுதான் காரணம். அதுவும் அந்தக் கண்ணை அழகாக்குகிற வேலையைச் செய்துகொண்டே.

பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால் 1822இல் காதலைப் பற்றி எழுதிய நூலில் வேறொரு படம் கொடுத்தார். சால்ஸ்பர்க் உப்புச் சுரங்கத்தில் ஒரு மொட்டைக் கிளையைப் போட்டுவிட்டு, சில மாதம் கழித்து எடுத்தால் அது முழுக்க உப்புப் படிகம் பூத்து மின்னுமாம். காதலன் மனம் காதலிக்குச் செய்வது இதுதான் என்றார். நல்ல உவமைதான். ஆனால் அதில் உள்ளே இருப்பது வெறும் குச்சி என்று ஒரு இளக்காரம் ஒளிந்திருக்கிறது. வள்ளுவரிடம் அது இல்லை. அவர் தூரத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். நான் வள்ளுவர் கட்சி.

பிரிந்த பிறகு எல்லாம் தெளிவாகத் தெரிகிறதே? அதுதானே உண்மை?

அடுத்த குறளையும் படித்துவிடுங்கள். 'காணுங்கால் காணேன் தவறாய காணாக்கால் காணேன் தவறல் லவை' (1286). பார்க்கும்போது தவறு எதையும் காணவில்லை. பார்க்காதபோது தவறு தவிர எதையும் காணவில்லை. இரண்டு பாதியிலும் ஒரே 'காணேன்'. கோபத்தில் இருப்பவர் தனக்கு இப்போதுதான் கண் திறந்தது என்று சத்தியம் செய்வார். திறந்திருப்பது மறு கண், இந்தக் கண் மூடிக்கொண்டது.

இரண்டு சொல்லில் வந்த பதிலை இருபது தடவை படிக்கிறேன். இது நோயா?

தும்மல் வருவது போல வந்து நின்றுவிட்டது, அப்படியானால் அவர் என்னை நினைக்கப் போய் நினைக்காமல் விட்டாரோ என்று குறளில் ஒருத்தி கணக்குப் போடுகிறாள்: 'நினைப்பவர் போன்று நினையார்கொல் தும்மல் சினைப்பது போன்று கெடும்' (1203). வராத தும்மலுக்கே அர்த்தம் கண்டவர்கள் நம் முன்னோர். உங்களிடம் இரண்டு சொல்லாவது இருக்கிறது.

மாதவி, கோவலன் பிரிவைப் பற்றி எப்போதும் பேசுகிறீர்களே, அதில் என்ன இருக்கிறது?

காதலில் ஏமாறுவதும் பாட்டைத் தப்பாகப் படிப்பதும் ஒரே நொடியில், ஒரே இடத்தில் நடப்பது அங்கேதான். இளங்கோவின் சிலப்பதிகாரத்தில், கடலாடப் போன இடத்தில் மாதவி யாழைக் கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் காவிரியையும் கானலையும் பாடுகிறான். பாட்டுக்குள் பெயரில்லாத ஒரு பெண் வருகிறாள். கேட்டுக்கொண்டிருந்த மாதவிக்குச் சட்டென்று தோன்றுகிறது: 'மன்னுமோர் குறிப்புண்டு இவன் தன்நிலை மயங்கினான்.' இவன் மனதில் வேறு யாரோ என்று முடிவு கட்டிவிட்டாள். யாழை வாங்கி அவளும் பாடுகிறாள். அவள் பாட்டுக்குள் பெயரில்லாத ஒரு ஆண்.

அகப்பாட்டில் பெயர் வராதது தற்செயல் இல்லை, இலக்கணம். 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்கிறது தொல்காப்பியம். பெயர் போடாமல் விட்ட இடத்தில் எவர் பெயரையும் போடலாம் என்பதால்தான் அந்தப் பாட்டுகள் இவ்வளவு காலம் நிற்கின்றன. கேட்ட இரண்டு பேரும் அந்த இடத்தில் தங்கள் பயத்துக்குப் பெயர் சூட்டி உட்கார வைத்தார்கள்.

இளங்கோ சொன்ன விதத்தை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். மாதவி பாட ஆரம்பிக்கும்போது 'தானுமோர் குறிப்பினள்போல்' என்கிறார். தனக்கும் மனதில் ஒருவன் இருப்பது போல. 'போல்' என்று ஒரு சொல். நமக்குக் காதில் விழுகிறது, கோவலனுக்கு விழவில்லை. அவன் எழுந்து போகும்போது நினைப்பதைக் கேளுங்கள்: 'கானல்வரி யான்பாடத் தானொன்றின்மேல் மனம்வைத்து மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள் பாடினாள்.' தான் பாடியது சும்மா கானல்வரி, ஒரு கடற்கரைப் பாட்டு. அவள் பாடியது வாக்குமூலம். ஒரே கடற்கரை, ஒரே யாழ், ஒரே வகைப் பாட்டு. ஆனால் தன் பாட்டுக்கு ஒரு சட்டம், அவள் பாட்டுக்கு ஒரு சட்டம். அந்த வாக்கியத்தில் உள்ள 'யான் பாட' என்பதை முதல் தடவை கவனித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நான் இதைச் செய்திருக்கிறேன்.

பிறகு நடப்பது இன்னும் மோசம். மாதவி தன் தோழி வயந்தமாலையிடம் ஓலை கொடுத்து அனுப்புகிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். அவள் முன்பு அன்போடு பேசியது, ஊடியது, வாடியது எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக்கூத்தின் பெயர் சூட்டி, எட்டு வகை நடிப்பு என்று எண்ணிக் காட்டுகிறான். 'ஆடல்மகளே ஆதலின்' என்று முடிக்கிறான். முடிவு ஒன்று வந்துவிட்டால் போதும், பழைய நாட்கள் எல்லாம் வரிசையில் வந்து அதற்குச் சாட்சி சொல்லும். சந்தோஷமாக இருந்த நாட்கள்தான் முதலில் வந்து சொல்லும்.

இளங்கோ இதை ஊழ்வினை என்கிறார். யாழிசையின்மேல் ஏறி வந்து உருத்தது என்கிறார். இளவயதில் ஊழ் என்ற சொல்லோடு நான் திருப்தியாகிவிட்டேன். இப்போது அது எதன்மேல் ஏறி வந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கோவலன் கடைசிவரை அப்படியேதான் இருந்தானா?

இல்லை. மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்ற அந்தணன் மாதவியின் இரண்டாவது ஓலையைக் கொண்டுவந்து கொடுக்கிறான். மண் முத்திரையில் அவள் கூந்தல் பதிந்த அடையாளம், அதில் பழைய எண்ணெய் வாசம். அதைக் கைவிட மனமில்லாமல் வைத்திருந்து, பிறகு திறந்து படிக்கிறான். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு, குலத்தில் பிறந்த மனைவியோடு இரவில் புறப்பட்டுப் போகும்படி நான் செய்த பிழை என்ன என்று தெரியாமல் தவிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாள். அவன் படித்து முடித்து, அவளிடம் தீது இல்லை, இது என் தீது என்று உணர்கிறான்.

அதோடு நிற்கவில்லை. இந்த ஓலையின் சொற்கள் என் பெற்றோருக்கு நான் எழுத வேண்டியதற்கும் பொருந்துகின்றன, இதையே அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டு என்று கோசிகனிடம் திருப்பிக் கொடுக்கிறான். காதலி எழுதிய கடிதம், ஒரு எழுத்தும் மாறாமல், மகன் எழுதிய மன்னிப்புக் கடிதமாகிவிடுகிறது. ஒரு காலத்தில் அவள் பாட்டில் இல்லாததைப் படித்த ஆள், இப்போது அவள் எழுத்தில் தன் குற்றத்தைப் படிக்கிறான். குழுவில் ஒரு நண்பர், அவனுக்கு மன்னிப்பு தேவைப்பட்டது, அதனால்தான் அப்படிப் படித்தான், இதுவும் தேவைக்கேற்ற வாசிப்புதான் என்பார். நான் மறுத்துப் பேசியிருக்கிறேன், அவரை அசைக்க முடிந்ததில்லை.

ஆளைப் பார்க்காமலே, கேள்விப்பட்டதை வைத்துக் காதலிப்பது காதலா?

கம்பனின் மாரீசன் வதைப் படலத்தில் ஒரு காட்சி. சூர்ப்பணகை வருணித்ததைக் கேட்டே இராவணன் சீதையின்மேல் பித்தாகிவிட்டான். எதிரே வெறும் காற்றில் ஒரு பெண் உருவம் தெரிகிறது. தங்கையைக் கூப்பிட்டு, நீ சொன்ன சீதை இவள்தானா என்று கேட்கிறான். அவள் பார்த்துவிட்டு, 'செந்தாமரைக் கண்ணொடும்' என்று தொடங்கி ஒரு ஆணழகனை வருணித்து, 'வந்தான் இவன் ஆகும் அவ் வல்வில் இராமன்' என்கிறாள். நான் பெண்ணைப் பார்க்கிறேன், நீ ஆணைச் சொல்கிறாயே என்று அவன் குழம்புகிறான். நீ வேறு நினைப்பே இல்லாமல் இருப்பதால் பார்க்கும் இடமெல்லாம் அவளே தெரிகிறாள், இது பழைய கதைதான் என்று சூர்ப்பணகை தெளிவாக விளக்குகிறாள். சரி, உனக்கு ஏன் இராமன் தெரிகிறான்? அவன் எனக்கு இந்தத் துன்பம் செய்த நாளிலிருந்து என்னால் அவனை மறக்க முடியவில்லை என்று சமாளிக்கிறாள்.

அண்ணனின் மயக்கத்தை அவ்வளவு சுத்தமாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவள், தன் மயக்கத்துக்குப் பகை என்று பெயர் வைத்துக்கொள்கிறாள். அவள் இராவணனைத்தான் ஏமாற்றுகிறாளா, தன்னையுமா? காற்றைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் அடையாளம் பற்றி வாதாடும் இந்தக் காட்சியைக் கம்பன் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருக்க வேண்டும்.

'செம்புலப் பெயல்நீர் போல' என்ற வரியைக் காதல் கடிதத்தில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். அது குறுந்தொகையின் 40ஆம் பாட்டு, முழுப் பாட்டையும் ஒருமுறை படித்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது. உன் தாயும் என் தாயும் யார் யாரோ, தந்தைகள் எந்த வகையில் உறவு, 'யானும் நீயும் எவ்வழி அறிதும்' என்று கேட்டுவிட்டுத்தான் நெஞ்சங்கள் கலந்தன என்கிறான். நமக்கு ஒருவரை ஒருவர் தெரியாது என்பதைப் பாட்டே ஒத்துக்கொள்கிறது. இதற்கு இருக்கும் பழைய கூற்றுக் குறிப்பு, அதாவது யார் எப்போது சொன்னது என்ற குறிப்பு, இன்னும் சுவையானது: கூடிய பிறகு, இவன் பிரிந்துபோய்விடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முக மாற்றத்தைக் கண்டு தலைவன் சொன்னது. ஆக, சந்தேகப்படும் பெண்ணிடம் ஒரு ஆண் கொடுக்கும் சமாதானம் இது. எதிர்ப்பக்கத்தைக் கேட்க வேண்டுமானால் அதே தொகையில் 25ஆம் பாட்டு இருக்கிறது. கபிலர் பாடியது. அங்கே ஒருத்தி, அவன் வாக்குத் தவறினால் நான் என்ன செய்வேன், அன்று சாட்சிக்கு யாருமே இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகு மட்டும்தான் இருந்தது என்கிறாள். 40ஆம் பாட்டை எழுதிக் கொடுத்த எத்தனை பேருக்கு 25ஆம் பாட்டு தெரியும்?

நானும் எழுதிக் கொடுத்தவன்தான். 25 அப்போது எனக்குத் தெரியாது.

கதைப் புத்தகம் படித்துத்தான் மனம் கெட்டுப்போகிறது என்று பெரியவர்கள் சொல்வது சரியா?

இந்தக் குற்றச்சாட்டு எல்லா மொழியிலும் உண்டு. பிரான்சில் 1857இல், காதல் கதைகள் படித்து வாழ்க்கையைத் தொலைத்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதியதற்காக ஃப்ளோபேர் மேல் வழக்கே நடந்தது. விடுதலை ஆகிவிட்டார்.

எனக்குச் சுவையாகப் படுவது இத்தாலியக் கவிஞர் தாந்தே சொல்லும் கதை. நரகத்தில் பிரான்செஸ்கா என்ற பெண், தானும் தன் காதலன் பாவ்லோவும் சேர்ந்து, அரசியைக் காதலித்த வீரன் லான்ஸ்லாட்டின் கதையைப் படித்துக்கொண்டிருந்ததாகவும், லான்ஸ்லாட் அரசியை முத்தமிடும் இடம் வந்ததும் பாவ்லோ தன்னை முத்தமிட்டதாகவும் சொல்கிறாள். புத்தகம்தான் எங்களுக்குத் தரகு வேலை பார்த்தது, அன்று அதற்கு மேல் நாங்கள் படிக்கவில்லை என்கிறாள். பழைய பிரெஞ்சுக் கதையை எடுத்துப் பார்த்தால் அங்கே முத்தமிடுவது அரசி. தயங்கி நிற்கிற லான்ஸ்லாட்டை அவள்தான் முத்தமிடுகிறாள். பழியைப் புத்தகத்தின்மேல் போட்டவள், போடுவதற்கு முன்னால் புத்தகத்தைத் தன் வசதிக்கு மாற்றி எழுதிக்கொண்டாள். புத்தகம் கெடுத்தது என்று யாராவது சொன்னால், எந்தப் பக்கம் என்று கேட்டுப் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் அது இருக்காது. அதற்கு மேல் அவர்கள் படித்திருக்கவும் மாட்டார்கள்.

படித்த பண்டிதர்களும் இப்படி ஏமாறுவார்களா?

நன்றாகவே ஏமாறுவார்கள், அவர்களிடம் கருவிகள் அதிகம். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இல்லாவிட்டால் பத்துப்பாட்டில் பாதி நமக்குப் புரியாது. ஆனால் முல்லைப்பாட்டு, பட்டினப்பாலை போன்றவற்றில் தான் நினைத்த பொருள் கிடைப்பதற்காக, எங்கோ இருக்கும் அடியை எடுத்து வேறெங்கோ ஒட்டி உரை சொல்லிக்கொண்டு போவார். மறைமலையடிகள் 1903இல் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதியபோது இதைக் கடுமையாக மறுத்து, பாட்டை அது நிற்கும் வரிசையிலேயே படிக்க வேண்டும் என்று வாதாடினார்.

காதலர்களும் இதே வேலையைத்தான் செய்கிறோம். மார்ச்சில் சொன்ன ஒரு சொல்லை எடுத்து, ஆகஸ்டில் வந்த மௌனத்தோடு கொண்டுகூட்டி, அழகான உரை எழுதிவிடுகிறோம்.

எல்லாக் காவியமும் படித்த மாதிரிதான் இருக்கிறது, ஆனால் எதையும் முழுதாகப் படித்ததில்லை. இதுவும் ஏமாற்றிக்கொள்வதுதானா?

ஆமாம், எல்லாரும் செய்வது. கதை தெரிந்திருப்பதும் நூலைப் படித்திருப்பதும் வேறு வேறு என்பது நூலைத் திறந்த மூன்றாவது பக்கத்தில் தெரிந்துவிடும்.

படித்தவர்களுக்கு வரும் வகை வேறு. உ.வே. சாமிநாதையர் 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும், தன் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று நீளமாக அடுக்கினார். கேட்டவர் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இவற்றுக்கு முந்திய பழைய நூல்கள் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். படித்ததில்லை. தமிழ் முழுக்கப் பார்த்துவிட்டோம் என்ற நினைப்பு அன்று உடைந்தது. நான் அவரைக் கும்பிடுவது அதற்குப் பிறகு அவர் செய்ததற்காக. சிந்தாமணிச் சுவடியில் புரியாத இடங்களுக்குச் சாமர்த்தியமாக ஒரு பொருளைச் சொல்லிக்கொண்டு நகரவில்லை. அது சமணக் காப்பியம் என்பதால் சமணர்களைத் தேடிப்போய், எனக்கு இது தெரியவில்லை, சொல்லுங்கள் என்று கேட்டார். நூல் 1887இல் அச்சில் வந்தது.

காதலில் அப்படிக் கேட்டவர்கள் எத்தனை பேர்? 'நீ அன்றைக்குச் சொன்னது எனக்குப் புரியவில்லை, என்ன அர்த்தம்?' இதைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கோவலன் கேட்கவில்லை.

நான் என்னை ஏமாற்றிக்கொள்கிறேனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய பதிப்புகளில் அகப்பாட்டின் அடியில் ஒரு சிறு குறிப்பு இருக்கும்: இன்னார் இன்னாரிடம் இன்ன நேரத்தில் சொன்னது. கூற்று என்பார்கள். மாணவனாக இருந்தபோது அதைத் தாண்டிப் போய்விடுவேன், பாட்டின் அழகைக் கெடுக்கிறது என்று நினைப்பு. இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஒரு வரி என்னை உலுக்கினால், இது யார் கூற்று, யாரிடம், எதற்காக என்று கேட்டுக்கொள்கிறேன். மனதில் ஓடும் வாக்கியங்களுக்கும் அதே கேள்விதான். 'அவளுக்கு என்மேல் இன்னும் பிரியம் இருக்கிறது.' இது யார் கூற்று? அவள் சொன்னதா, தோழி சொன்னதா, நெஞ்சு சொன்னதா? பாதிக்கு மேல் நெஞ்சுக் கூற்றாகத்தான் இருக்கும். நெஞ்சை ஒரு தனி ஆளாக எதிரே நிறுத்தி வைத்துப் பேசுவதற்கென்றே வள்ளுவர் இரண்டு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார், நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என்று.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கூற்றுக் குறிப்புகளும் பாட்டெழுதியவர் போட்டவை இல்லை, பின்னால் வந்தவர்கள் படித்துச் சொன்னவை. அவர்களுக்கும் ஒரு நெஞ்சு இருந்திருக்கும்.

ஏமாற்றிக்கொள்வது தெரிந்தும் விடமுடியவில்லை. என்ன செய்ய?

ஒன்றும் செய்ய வேண்டாம், கொஞ்ச நாள் இருங்கள். இழுத்துக்கொண்டு போகும் என்று தெரிந்தே வெள்ளத்தில் குதிப்பவர்களைப் போல, நிலைக்காது என்று தெரிந்தே ஊடி என்ன பயன் என்று ஒருத்தி கேட்கிறாள் (குறள் 1287). கேட்டுவிட்டு ஊடாமல் இருந்தாளா? அடுத்த அதிகாரம் முழுக்க ஊடல்தான்.

உங்கள் சொந்த அனுபவம் ஏதாவது?

என்னிடம் பழைய சிலப்பதிகாரப் பிரதி ஒன்று இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் வாங்கியது. சமீபத்தில் கானல்வரியை மறுபடி படிக்க எடுத்தபோது, மாதவி யாழ் வாங்கும் இடத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'வேண்டுமென்றே செய்கிறாள்.' பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி. அதற்கு நேர் எதிரேதான் 'குறிப்பினள்போல்' அச்சாகியிருக்கிறது. அந்தப் 'போல்' மேல் என் அடிக்கோடு இல்லை. அதற்கு முந்தின சொல்லோடு நின்றுவிட்டது.

அந்த ஆச்சரியக்குறிகள் மாதவிக்குப் போட்டவை இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வருடம் யாரிடமிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது, அதற்கு நான் என்ன உரை எழுதினேன், கேட்காமலே எப்படி எழுந்து வந்தேன் என்பதும் தெரியும்.

அந்தக் குறிப்பை அழித்துவிட்டீர்களா?

அழிப்பான் எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். அடிக்கோட்டை மட்டும் 'போல்' வரைக்கும் நீட்டினேன். புதுப் பென்சில், கோடு கொஞ்சம் கறுப்பாக விழுந்திருக்கிறது.